பல்லைக் கடித்துக்கொள்ளத் தேவையில்லை

குழந்தைக்குத் தடுப்பூசி என்றால் நம் ஊரில் ஒரு குடும்பமே கிளம்பும். பாட்டி மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள், அப்பா சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டுவார், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தானும் அழுவாள், முடிந்ததும் ஒரு சாக்லேட். அதே குழந்தை நாற்பது வயதில் தனியாகப் போய் "கொஞ்சம் பயமா இருக்கு சிஸ்டர்" என்று சொன்னால் வரிசையில் நிற்கிற நாலு பேர் சிரிப்பார்கள். மீசை வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சிரிப்பார்கள். வயது ஏறினால் ஊசி வலிக்காது என்று யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் போகிறது, அவ்வளவுதான்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சர்க்கரை இருப்பதால் வருடா வருடம் ஃப்ளூ ஊசி, அதோடு நிமோனியாவுக்கு ஒன்று என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் ஊசிக்குப் பயந்தவன். சும்மா பயம் இல்லை, ஊசி ஏறியதும் காது அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வரும் ரகம். அப்பாவுக்கும் அப்படித்தான். அக்காவோ கிராம சுகாதார செவிலியராகக் கும்பகோணத்துப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரே வீட்டில் பயந்தவனும் போடுகிறவளும். அவளோடு பேசியது, அப்புறம் நானாகத் தேடிப் படித்தது இரண்டும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு. நான் மருத்துவன் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் தலைமுறையின் பயத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. "நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி 14 ஊசி." தெருவில் நாயைச் சீண்டாமல் இருக்கச் சொல்லிப் பெரியவர்கள் கட்டிவிட்ட கதை இல்லை அது. டேவிட் செம்பிள் என்ற ஆங்கிலேய ராணுவ மருத்துவர் 1911-இல் இமாசலத்தின் கசௌலியில் உருவாக்கிய மருந்து. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, பீனால் கலந்து சாகடித்து, அந்த மூளைக் கரைசலையே ஊசியில் ஏற்றுவார்கள். தினம் ஒன்றாக வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவார்கள். அளவு அதிகம் என்பதால் கை தாங்காது, வயிற்றில்தான் இடம் இருந்தது. நம் குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனமும் பல பத்தாண்டுகள் இதைத் தயாரித்து அனுப்பியது. வலி ஒருபுறம் இருக்க, ஆட்டு மூளைப் பொருள் உடம்புக்குள் போவதால் சிலருக்குப் பக்கவாதம்கூட வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1984-லேயே இதைக் கைவிடச் சொன்னது. இந்தியாவில் நின்றது 2004 கடைசியில்தான்.

இப்போது அப்படி எதுவும் இல்லை. அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடுவார்கள்: 0.1 மில்லி, ஒரு தடவைக்கு இரண்டு இடத்தில், 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள். தனியாரில் பெரும்பாலும் கைத் தசையில் ஐந்து ஊசி. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பு மருந்தை ஏற்றுவார்கள், அது நிஜமாகவே வலிக்கும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தொப்புளும் பதினாலும் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அக்கா வேலையில் இருந்த கடைசி வருடங்களில்கூட, நாய்க்கடி பட்டவர்கள் ஊசிக்குப் பயந்து மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்களாம். "வயித்துல போட மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கேன்டா" என்பாள். வந்துவிட்டால் சாவே இல்லாத நோயா அது? ஏறக்குறைய நூறு சதவீதம் சாவுதான். அதற்கு முன்னால்கூட ஊசிப் பயம் ஜெயிக்கிறது என்றால், ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் யார் வருவார்கள்?

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வயதுவந்த நோயாளிகளில் ஊசிப் பயத்தாலேயே ஃப்ளூ ஊசியைத் தவிர்ப்பவர்கள் நூற்றுக்கு 16 பேர் அளவுக்கு இருந்தார்கள். தவிர்த்தவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் உண்டு என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். கொரோனா காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் குழு பிரிட்டனில் 15,014 பெரியவர்களைக் கேட்டது. நான்கில் ஒருவருக்கு ஊசிப் பயம் இருக்கலாம் என்று தெரிந்தது. அந்தப் பயம் மட்டும் இல்லாமல் போனால் தடுப்பூசித் தயக்கத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். தயங்குகிறவன் என்றாலே வாட்ஸ்அப் வதந்தியை நம்பியவன் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அதில் ஒரு பகுதி என்னைப் போன்றவர்கள். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, "அதெல்லாம் சைடு எஃபெக்ட் இருக்காமே" என்று அறிவாளித்தனமாகப் பேசிச் சமாளிக்கிறவர்கள்.

சரி, வலிக்கு வருவோம். பெரியவர்களின் ஊசி வலியைக் குறைக்க என்ன செய்யலாம் என்று உலகிலேயே உட்கார்ந்து யோசித்தவர்கள் குறைவு. அதில் முக்கியமானவர் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஆனா டாடியோ. முதலில் குழந்தைகளுக்காகத் தொடங்கிய வேலை, 2015-இல் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு வழிகாட்டியாக வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பற்றித் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. இரண்டையும் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது: இதில் பெரும்பாலானவற்றுக்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், அரை நிமிடம் போதும். அதில் பாதிக்கு மேல் ஊசி போடுகிறவரின் கையில் இருக்கிறது.

அக்காவிடம் கேட்டேன், உன் கையில் என்ன இருந்தது என்று. அவள் வேலையில் சேர்ந்த காலத்தில் ஊசியைக் குத்தியபின் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாக மருந்தை ஏற்றச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தப்பித் தவறி ரத்தக் குழாயில் போய்விடக் கூடாதே என்ற எச்சரிக்கை. ஆனால் தடுப்பூசி போடுகிற தோள்பட்டைத் தசையில் பயப்படும்படியான பெரிய ரத்தக் குழாய் இல்லை. இழுத்துப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில் ஊசிமுனை உள்ளே ஆடிக்கொண்டிருக்கும், வலிக்கும். டாடியோவும் கூட்டாளிகளும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்குப் பழைய முறையில் நிதானமாக இழுத்துப் பார்த்துப் போட்டார்கள், மீதிப் பேருக்குச் சட்டென்று குத்தி, ஏற்றி, எடுத்துவிட்டார்கள். பழைய முறையில் நூற்றுக்கு 82 குழந்தைகள் அழுதன. புதிய முறையில் 43. "மெதுவா போடுங்க சிஸ்டர்" என்று நாம் கெஞ்சுகிறோமே, அது நமக்கே எதிரான வேண்டுகோள். இழுத்துப் பார்க்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் இப்போது தெளிவாகவே சொல்கிறது. ஆனாலும் பழகிய கை லேசில் விடாது. அக்காவுக்கே அந்தப் பழக்கம் போக ரொம்ப நாள் ஆனதாம்.

அடுத்தது ஸ்பிரிட். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் ஈரம் காய்வதற்குள் குத்தினால் ஸ்பிரிட்டும் கூடவே போய் எரியும். அரை நிமிடம் காய விட்டால் அந்த எரிச்சல் இல்லை. முகாமில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அரை நிமிடம் என்பது பெரிய விஷயம்தான், அது புரிகிறது. அக்காவின் உபாயம்: முதலில் துடைத்துவிடுவாள், அப்புறம் அட்டையில் பெயர், தேதி எழுதுவாள். எழுதி முடிக்கையில் காய்ந்திருக்கும்.

பிறகு இடம். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் அளவு கீழே, தசை திரண்டிருக்கும் இடத்தில் போட வேண்டும். ரொம்ப மேலே போட்டால் மருந்து மூட்டுக்குள் போய், மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாத நிலைகூட வரலாம். அமெரிக்காவில் 2017-இல் இதைத் தடுப்பூசி நஷ்டஈட்டுப் பட்டியலிலேயே சேர்த்தார்கள். இதில் நம் சட்டைக்கும் பங்கு உண்டு. முழுக்கைச் சட்டையோடு போய், கையை மடிக்கச் சோம்பல்பட்டு, மேல் பட்டன் இரண்டைக் கழற்றிக் கழுத்துப் பக்கமாகச் சட்டையை இறக்கிக் காட்டுகிறோம். அப்படிக் காட்டினால் தெரிவது தோளின் உச்சி மட்டும்தான். போடுகிறவர் தெரிகிற இடத்தில் போடுவார். பெண்களுக்கு இறுக்கமான ரவிக்கைக் கை இன்னொரு தொல்லை, பாதி ஏற்றி நிறுத்தினால் தசை பிதுங்கி நிற்கும். ஊசிக்குப் போகிற அன்று தளர்வான அரைக்கை உடுத்திக்கொண்டு போவது நான் படித்ததிலேயே சுலபமான வைத்தியம்.

கை தளர்ந்திருக்க வேண்டும். முஷ்டியை இறுக்கிப் பல்லைக் கடித்து உட்கார்ந்தால் தசையும் கல்லாகிவிடும், அதில் ஊசி இறங்கினால் அப்போதும் வலிக்கும், அப்புறமும் வலிக்கும். போடுகிற பக்கத்துக் கையை மடியில் போட்டு, தோளைத் தொங்கவிடுவது நல்லது. "பல்லைக் கடிச்சுக்கோ" என்று கூட வருகிறவர்கள் அன்பாகச் சொல்லும் அறிவுரை, செய்ய வேண்டியதற்கு நேர் எதிர்.

ஊசியின் நீளத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2000-இல் இங்கிலாந்தில் குழந்தைகளிடம் 25 மில்லிமீட்டர் ஊசியையும் 16 மில்லிமீட்டர் ஊசியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீளமான ஊசி சற்றுத் தடிமனும்கூட. ஆனாலும் அதைப் போட்ட குழந்தைகளுக்குத்தான் சிவப்பும் வீக்கமும் குறைவாக இருந்தது. குட்டை ஊசி தசையை எட்டாமல் கொழுப்பிலேயே மருந்தை விட்டுவிடுவதால் அங்கே எரிச்சல் அதிகமாகிறது. என்னைப் போல் உடம்பு வைத்தவர்கள் "சின்ன ஊசியா போடுங்க" என்று கேட்பதில் புண்ணியம் இல்லை.

ஒரே நாளில் இரண்டு ஊசி என்றால் வரிசைமுறையும் முக்கியம். அதிகம் வலிக்கிற மருந்தைக் கடைசியில் போட வேண்டும். டொராண்டோவிலேயே கைக்குழந்தைகளிடம் பார்த்திருக்கிறார்கள்: கூட்டுத் தடுப்பூசியை முதலில் போட்டு நிமோகாக்கஸ் ஊசியை இரண்டாவதாகப் போட்டபோது மொத்த வலி குறைந்தது. மாற்றிப் போட்டால் முதல் வலியே இரண்டாவதையும் பெரிதாக்கிவிடுகிறது. எனக்கு ஃப்ளூ முதலில், நிமோனியா பிறகு என்று அக்கா சொல்லி அனுப்பினாள். போட்டுவிட்ட பெண் வியப்பாகப் பார்த்தார், ஆனால் மறுக்கவில்லை.

நம் பக்கம் செய்ய முடிந்தது என்ன? முதலில், பார்க்காதீர்கள். "தைரியமா பாரு, பயம் போயிடும்" என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஒரு சோதனை வேறு சொல்கிறது. கலந்துகொண்டவர்களின் கைக்கு மேல் ஒரு திரையை வைத்து, அதில் வேறொரு கையில் ஊசி குத்துவதைக் காட்டினார்கள். அதே நேரத்தில் அவர்கள் விரலில் மெல்லிய மின்தூண்டல். பஞ்சுக்குச்சி தொடும் படம் ஓடியபோது இருந்ததைவிட ஊசிப் படம் ஓடியபோது அதே தூண்டல் அதிகம் உறுத்தியது. "இந்தப் படம் வந்தால் அதிகம் வலிக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்ததும் வலியைக் கூட்டியது. சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பது கோழைத்தனம் ஆகாது.

இரண்டாவது, இருமல். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன், ஆனால் நிஜம். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் ரத்தம் எடுக்கும்போது சிலரை இருமச் சொன்னார்கள். ஊசி ஏறும் அதே கணத்தில் இருமினால் வலி குறைவாகத் தெரிந்தது. 2004-இல் வந்த கட்டுரை. காரணம் முழுக்கப் பிடிபடவில்லை. கவனம் திரும்புவதாலா, இருமும்போது நெஞ்சிலும் முதுகுத்தண்டிலும் அழுத்தம் ஏறுவதாலா என்று இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு லேசான இருமல் அல்லது மூச்சைப் பிடிப்பது என்று பரிந்துரைக்கிறது. ஒத்திகையாக ஒரு இருமல், அடுத்த இருமலோடு ஊசி. போடுகிறவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கை ஆடி அவர் பதறிவிடுவார். கொரோனா முகாமில் இதைச் செய்து பார்த்திருந்தால் வரிசையே காலியாகி இருக்கும் என்பது வேறு விஷயம்.

தேய்ப்பதைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. 1965-இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் வலிக்கு முதுகுத்தண்டில் ஒரு வாசல் இருக்கிறது என்ற கோட்பாட்டை வெளியிட்டார்கள். தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புகள் சுறுசுறுப்பாக இருந்தால் வலியின் செய்தி அந்த வாசலில் தடைபடும். அடிபட்ட முழங்காலை நாம் தேய்த்துக்கொள்வதற்கு நல்ல விளக்கம். ஆனால் தடுப்பூசி போட்ட இடத்தைத் தேய்ப்பதையோ கிள்ளுவதையோ உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை, போதிய பலன் தெரியவில்லை என்பதால். மருந்துக்குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. "நல்லாத் தேய்ச்சு விடுங்க, கட்டிக்காது" என்பது நம் ஊர் க்ளினிக்குகளின் நிரந்தர வசனம். பஞ்சை வைத்துச் சற்று அழுத்திக்கொண்டாலே போதும்.

மரத்துப்போகும் களிம்பு உண்டு. லிக்னோகைனும் பிரிலோகைனும் கலந்தது, மருந்துக்கடையில் கிடைக்கும். தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தோலில் குத்துவது தெரியாது, தசைக்குள் மருந்து பரவும் வலி தெரியும். ரொம்பப் பயந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். நான் தடவிக்கொண்டதில்லை.

இப்போது வார்த்தை. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பதைக் கேட்காமல் நம்மில் யாரும் ஊசி போட்டிருக்க மாட்டோம். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். பாஸ்டனில் எல்விரா லாங் என்ற மருத்துவரின் குழு, சிகிச்சை அறைகளில் பதிவான காணொளிகளை வைத்து 2005-இல் ஒரு கேள்வி கேட்டது: வலிக்கப்போகிறது, எரியும், கொட்டும் என்று எச்சரிப்பது நோயாளிக்கு உதவுகிறதா? உதவவில்லை; எச்சரிக்கப்பட்டவர்கள் அதிக வலியையும் பதற்றத்தையும் சொன்னார்கள். அதற்காக "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்வதும் உதவாது, அடுத்த முறை நம்ப மாட்டார்கள். "போடப்போறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போடுவதே போதும் என்பதுதான் வழிகாட்டியின் நிலை. இந்த இடத்தில் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எறும்புன்னு சொன்னாத்தான்டா ஜனங்களுக்கு மனசு ஆறும். பேசாம குத்தினா சிடுமூஞ்சி நர்ஸுன்னு பேரு." ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும், அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேச்சே இல்லாமல் முப்பது கைகளை வரிசையாகக் குத்தித் தள்ளும் அறையைவிட எறும்புக் கதை சொல்லும் அறை மேல். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே போட்டுவிடும் செவிலியர்கள் உண்டு. பதில் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சு கைக்கு வந்திருக்கும். அவர்கள் எந்த வழிகாட்டியையும் படித்திருக்க வேண்டியதில்லை.

என் வகையறாவுக்கு வருகிறேன், மயங்கி விழுகிறவர்கள். மற்ற பயங்களில் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், அதோடு சரி. பாம்பைக் கண்டு மயங்கி விழுகிறவர்கள் குறைவு. ரத்தம், ஊசி விஷயத்தில் மட்டும் முதலில் ஏறிய அழுத்தம் திடீரென்று சரிந்துவிடும், மூளைக்குப் போகும் ரத்தம் குறையும், ஆள் சாய்ந்துவிடுவார். இது குடும்பத்தில் ஓடுகிற சமாச்சாரம் என்பதும் தெரிந்ததே. அப்பாவின் வீட்டையும் தோட்டத்தையும் பிரித்துக்கொண்டபோது அண்ணனுக்கு வராமல் எனக்கு மட்டும் வந்த சொத்து இது.

இந்த வகைக்கு "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்ற அறிவுரை உதவாது, கெடுதலும் செய்யலாம். தளர்ந்தால் அழுத்தம் இன்னும் இறங்கும். சுவீடனின் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் இதற்கு ஒரு பயிற்சி கண்டுபிடித்தார். தொடை, வயிறு, ஊசி போடாத கை ஆகியவற்றின் தசைகளைச் சேர்த்து இறுக்க வேண்டும். பத்துப் பதினைந்து வினாடியில் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். அப்போது விட்டுவிட வேண்டும், தொய்ந்து சாய்கிற அளவுக்கு அல்ல, சாதாரண நிலைக்கு. இருபது முப்பது வினாடி கழித்து மறுபடி. இப்படி ஒரு ஐந்து தடவை. வீட்டிலேயே பழகிக்கொண்டு போகலாம். ஊசி போடும் கையை மட்டும் இறுக்கக் கூடாது, அதுதான் கொஞ்சம் கஷ்டம். எனக்கு இது வேலை செய்கிறது. கண் இருட்டுவது முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாற்காலியிலிருந்து நழுவுவதில்லை.

போனதும் "நான் மயங்கி விழற ஆள்" என்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல வெட்கப்பட்ட காலம் போய்விட்டது. படுக்க வைத்துப் போடுவார்கள், அல்லது சுவர் ஓரமாக உட்கார வைப்பார்கள். மயக்கத்தில் ஆபத்து மயக்கம் அல்ல, விழும்போது தலை எதில் மோதுகிறது என்பதுதான். ஊசி போட்டபின் 15 நிமிடம் உட்காரச் சொல்வது அபூர்வமான ஒவ்வாமைக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான். தனியார் க்ளினிக்குகளில் பில்லைக் கொடுத்ததும் கிளம்பலாம் என்கிறார்கள். நான் பிடிவாதமாக உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்.

ஒருவர் விழுந்தால் மற்றவர்களையும் அது பிடித்துக்கொள்ளும். 2021 ஏப்ரலில் அமெரிக்காவில் ஐந்து பெரிய முகாம்களில், ஜான்சன் நிறுவனத்தின் கொரோனா ஊசி போட்டுக்கொண்ட 8,624 பேரில் 64 பேருக்கு மயக்கம், தலைசுற்றல், வாந்தி போன்ற தொல்லைகள் வந்தன. 17 பேர் நினைவிழந்தே விழுந்தார்கள். நான்கு முகாம்களைத் தற்காலிகமாக மூடிவிட்டு, மருந்தில் ஏதாவது கோளாறா என்று பார்த்தார்கள். மருந்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் பதற்றத்தால் வந்தவை. ஒரே ஊசியோடு முடிந்துவிடும் என்று ஊசிக்குப் பயந்தவர்களாகத் தேடி அந்த மருந்துக்கு வந்திருக்கலாம் என்பதும் அந்த அறிக்கையிலேயே ஒரு விளக்கமாகச் சொல்லப்பட்டிருந்தது. முகாம் நடத்துகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஊசி போடும் மேசை வரிசையில் நிற்கிற எல்லோர் கண்ணிலும் படும்படிதான் நம் ஊர் முகாம்கள் பெரும்பாலும் அமைகின்றன. நடுவில் ஒரு பழைய வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

போட்டு முடித்து வீட்டுக்கு வந்தபின் வருவது வேறு வலி. அது குத்தியதால் வருவது அல்ல, மருந்தைக் கண்டு உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அங்கே கூடுவதால் வருவது. ஒன்றிரண்டு நாள் இருக்கும். கையை அசைக்காமல் அணைத்துக்கொண்டு படுத்தால் இறுகிவிடும், வழக்கம்போல் வேலை செய்தால் சீக்கிரம் விடும். குளிர்ந்த ஈரத்துணி இதமாக இருக்கும். பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் வலி வந்தபிறகு. வரும் என்று எதிர்பார்த்து ஊசிக்கு முன்பே விழுங்குவது வேண்டாம். செக் குடியரசில் கைக்குழந்தைகளுக்கு முன்னெச்சரிக்கையாகப் பாராசிட்டமால் கொடுத்தபோது காய்ச்சல் குறைந்தது, கூடவே சில தடுப்பூசிகளுக்கு உருவான எதிர்ப்புப் பொருளின் அளவும் குறைந்தது. 2009-இல் வந்த ஆய்வு அது. பெரியவர்களுக்கும் அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி, ஆனால் முன்கூட்டியே விழுங்கிக் கிடைக்கும் லாபமும் ஒன்றுமில்லை.

இதில் உச்சம் அக்கி நோய்க்கான ஷிங்க்ரிக்ஸ். 50 வயது தாண்டியவர்களுக்கு, 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. அதில் எதிர்ப்பைத் தூண்டுவதற்காகச் சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். உடம்பை உசுப்புவதில் கெட்டிக்காரப் பொருள். சோதனைகளில் போட்டுக்கொண்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவுக்குக் கை வலி சொன்னார்கள். சிலருக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் உண்டு. ஆனால் அக்கி வந்து பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் மாமா ஒருவர் கொப்புளம் ஆறியபிறகும் சட்டை உரசினாலே துடித்துக்கொண்டிருந்தார். அதோடு ஒப்பிட்டால் இரண்டு நாள் கைவலி எனக்குச் சம்மதம்.

இரண்டு டோஸ், இடையில் இரண்டிலிருந்து ஆறு மாதம். முதல் டோஸை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், சனி ஞாயிறு லீவு. அக்காவுக்கு போன் போட்டு எந்தக் கையில் போடச் சொல்வது என்று கேட்டேன். "எந்தக் கையால டீ ஆத்துவியோ அதுல வேணாம்" என்றாள். டீ ஆற்றுவது வீட்டில் நான்தான். அப்போ இடது கை.